ஒரே மேசையில் ஒரு சலவை இயந்திரம்

4 மார்ச் 1996, சிதோஅர்ஜோ, இந்தோனேசியா
இருபத்திரண்டு வருடமாக நான் இயந்திரங்களை வரைந்து முடித்துக் கீழே பட்டறைக்கு அனுப்பி வந்தேன். தகட்டை அழுத்தும் அச்சு வெட்டுபவர்கள், பொருத்துபவர்கள், பழுது பார்ப்பவர்கள் எல்லாம் அவரவர் முறை வரும்போது என்னைத் திட்டிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு. இன்று இயக்குநர் அதைக் கெடுத்துவிட்டார். புதிய சலவை இயந்திரத்தை எல்லாப் பிரிவும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யவேண்டுமாம். நான் வரைய வரைய அச்சும் வெட்டப்படுமாம். தலைவன் நானாம். பல கை அடித்த பாம்பு சாகாது என்று அவருக்கு யார் சொல்வது? நான் சொல்லவில்லை. "ரொம்ப நல்ல யோசனை, பாக்" என்றேன், அந்த 'ஐயா'வை அழுத்தி.

6 மார்ச்
முதல் கூட்டம். இரண்டு இரவு விழித்து முழு வரைபடத்தையும் முடித்தே கொண்டுபோனேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவார்கள் என்று எண்ணம். பொருத்தும் பிரிவின் லெஸ்தாரி அம்மாள் — எல்லோருக்கும் 'இபு' — தாளை உற்றுப் பார்த்தார்.
"பாக் விர்யவான், இந்த மோட்டார் திருகை முடுக்க என் கை எந்த வழியா உள்ள போகும்?"
"இது துணி துவைக்கிற மெஷின், இபு. கை துவைக்கிறதில்ல."
எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

11 மார்ச்
லெஸ்தாரி என் அளவுப்படியே தகரத்தில் ஒரு பெட்டி செய்து வந்தார். "நீங்களே முடுக்கிக் காட்டுங்க, பாக்." கை போனது. வரவில்லை. அச்சுப் பட்டறைக் காத்தோத் — என்னைவிடப் பதினைந்து வயது இளையவன் — சோப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்தான். "பிரசவம் நல்லபடியா முடிஞ்சது!"
சிரிப்பு அடங்கியதும் லெஸ்தாரி தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். கோடு கோடாகத் தழும்பு. "போன மாடல்ல ஒரு நாளைக்கு நூத்தம்பது தடவை."
அதையும் நான்தான் வரைந்தேன். பரிசுகூட வாங்கினேன்.

12 மார்ச்
பின்பக்கம் ஒரு சின்னக் கதவு வரைந்தேன். லெஸ்தாரியின் கை அளவு கேட்டு.

2 ஏப்ரல்
வரைபடத்தில் மோட்டாரை நாலு மில்லிமீட்டர் நகர்த்தினேன். அடித்தட்டுக்கு அச்சு வெட்டும் காத்தோத்திடம் சொல்லவேண்டும். அவன் பட்டறைக்கு நான் போவதா? நாளைக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

3 ஏப்ரல்
கூட்டத்தில் மறந்துவிட்டேன். — மறந்தேனா?

9 ஏப்ரல்
அடித்தட்டு அச்சு பாழ். காத்தோத் பழைய அளவில் வெட்டிவிட்டான். நாலு வார வேலை போயிற்று. "வரைபடம் படிக்கத் தெரியாதா உனக்கு?" என்று இயக்குநர் காத்தோத்திடம் பாய்ந்தார். அவன் வியர்த்துப்போய் நின்றான். நான் கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான விசிறி. சே, என்ன மனுஷன்டா நீ! அவன் வேலையே போகப்போகுது, நீ விசிறிய பாக்குற —
"பாக், தப்பு என்னோடது. அளவ மாத்தினேன். அவன்கிட்ட சொல்லல," என்றேன் இயக்குநரிடம்.
வெளியே வந்ததும் காத்தோத் சொன்னான்: "இத அஞ்சு நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா என் சட்டையாவது நனையாம இருந்திருக்கும்."

15 ஏப்ரல்
தலைமை காத்தோத்துக்குப் போனது. பொறுப்பைக் கைமாற்றிவிட்டதாக மனைவியிடம் சொன்னேன். "நீங்க மாத்தினீங்களா, அவங்க மாத்தினாங்களா?" என்றாள். சோற்றைப் பிசைந்தேன்.

20 மே
மூன்று மணிக்கு வடிகுழாயை ஒரு மில்லிமீட்டர் தள்ளினேன். மூன்று ஐந்துக்குக் காத்தோத்தின் பட்டறை வாசலில் நின்றேன்.
"ஒரு மில்லிக்கா பாக் இப்படி ஓடி வந்தீங்க? போன்ல சொல்லக் கூடாதா?"
எனக்கு மூச்சு வாங்கியது. அவன் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினான்.