தக்காளி வாங்கப் போன பச்சைச் சுடிதார்

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. மேல் தட்டில் உன் பச்சைச் சுடிதார் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. உன் காரியம் முடிந்த மறுநாள், உன் அம்மா அதைத் துணிக்கடைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "நீயே போட்டுக்கோ கண்ணு. வூட்ல வெச்சுகினு என்னால பாக்க முடியல." அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை. கால் மரத்துப்போனால் உதறிவிடலாம், இதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

உன் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த உடுப்பு அது. கழுத்தைச் சுற்றிக் கல், கை ஓரத்தில் ஜரிகை, சம்கி தைத்த ஷால். மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கியதும் ராசியில்லாத துணி என்று உன் அம்மா அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். நீதான் விடவில்லை. "அவங்க போனதுக்குத் துணி இன்னா பண்ணும்? இதைப் போட்டுகினு தக்காளி வாங்கப் போறேன் பாரு" என்றாய்.

சொன்னபடியே அந்த ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் நம் அறையிலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு கெலமங்கலம் கடைத்தெருவுக்குக் கிளம்பினாய். பஸ்ஸில் கண்டக்டர் ஆரம்பித்து வைத்தார். "இன்னாம்மா விசேஷம்?" பூக்காரம்மாவும் அதையே கேட்டார். கறிவேப்பிலை விற்றவர் கன்னடத்தில் கேட்டார். தக்காளி வாங்காமலே திரும்பி வந்தோம். அறைக்கு வந்த பிறகுதான் சொன்னாய். "விசேஷமான்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. அன்னிக்குத்தான் இது என் துணி."

கல்லையும் ஜரிகையையும் வெட்டியெடுக்கக் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன் என்பதில் பிடிவாதமாக இருந்தாய். அடுத்த வாரம் ஷாலை விட்டுவிட்டு என் வெள்ளைக் காட்டன் ஷாலைப் போட்டாய். அதற்கடுத்த வாரம் பளபளத்த பேண்ட்டுக்குப் பதிலாக வெளுத்த ஜீன்ஸும் ரப்பர் செருப்பும். ஜரிகை தெரியாமல் கையை முழங்கை வரை மடித்துவிட்டாய். கழுத்துக் கல் மட்டும் அடங்கவில்லை. "பல்லக் காட்டுது பாரு, சனியன்" என்று கண்ணாடி முன்னால் திட்டிக்கொண்டே இருந்தவள், திடீரென்று கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினாய்.

கல் மறையவில்லைதான். ஆனால் கழுத்தில் அட்டை தொங்கினால் நம் ஊரில் அதற்குமேல் யார் பார்க்கிறார்கள்? தக்காளிக்காரம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஞாயித்துக்கெழமகூட ஓவர்டைமா கண்ணு?"

"ஆமாக்கா!" என்று கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாய். சந்தோஷத்தில் நீ அள்ளிப்போட்ட தக்காளியை வாரம் முழுக்கத் தின்று என் நாக்கே புளித்துப்போனது. அதன்பிறகு ரேஷன் கடைக்கும் அதே சுடிதார், துணி துவைக்கவும் அதே சுடிதார். அடுத்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று ஞாயிறு. அதைப் போட்டுக்கொண்டேன். தோளில் கொஞ்சம் பிடிக்கிறது. நீ செய்தபடியே வெள்ளை ஷால், ஜீன்ஸ், மடித்த கை, என் அட்டை. அதே பஸ்ஸில் போனேன். தக்காளிக்காரம்மா அட்டையைப் பார்த்து "ஓவர்டைமா?" என்றார். ஆமாக்கா என்றேன். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ ஜெயித்துவிட்டாய்.

திரும்புவதற்காக நின்றபோது அட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன். மடித்த கையையும் இறக்கிவிட்டேன். ஜரிகை வெயிலில் மின்னியது. யாராவது ஒருவர் என்ன விசேஷம் என்று கேட்க மாட்டார்களா என்றிருந்தது. கேட்டிருந்தால் உன்னைப் பற்றிச் சொல்லியிருப்பேன். சொல்லும்போது அழுதுகூட இருப்பேன்.

பஸ் வந்தது. கண்டக்டர், "ஓசூரா?" என்று மட்டும் கேட்டார்.