அந்தக் கிளிக்கு யார் பழம் வைத்தார்கள்?

இன்று காலை பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில், கோயிலில் ஆண்டாள் தோளிலிருந்து இறங்கிய இலைக்கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அதெல்லாம் புதிதா என்ன? ஆனாலும் அந்தப் பச்சிலை வாசனை மூக்கில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ போன பிறகு அந்த வாசனை என்றாலே எனக்குப் பயம். சிரிக்காதே.

ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனிக்கு இதே பஸ்ஸில் நாம் சேர்ந்து போன காலம் முழுக்க நீ எனக்குச் சொன்னது ஒரே ஒரு கதைதான். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதை. ராஜகுமாரன் போய்க் கிளியின் கழுத்தைத் திருகுவான், இங்கே அரக்கன் சாவான். எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அதைத் தினம் ஒரு விதமாகச் சொன்னாய். ஒரு நாள் அரக்கன் நம் சூப்பர்வைசரைப் போல மறதிக்காரன். கிளியை வைத்த இடம் தெரியாமல் மலைமலையாக அலைந்தான். இன்னொரு நாள் கூண்டே வாய் திறந்து கதை சொன்னது.

"தெரிஞ்ச கதைய எதுக்குட்டி இம்புட்டு பாடு படுத்துற?" என்று கேட்டேன்.

"கதைய மாத்தலக்கா. நிக்கிற எடத்தத்தான் மாத்துறேன்" என்றாய்.

கிளியின் பக்கமிருந்து நீ சொன்ன நாளை என்னால் மறக்க முடியவில்லை. தனக்குள் இன்னொருவர் உயிர் இருப்பது கிளிக்குத் தெரியாது. அது கொய்யாப்பழத்தைக் கொத்தினால் ஏழு கடலுக்கு இப்பால் அரக்கன் நாக்கில் இனிக்கும். அது பூனையைக் கண்டு நடுங்கினால் இங்கே அவனுக்குக் காரணமே இல்லாமல் வியர்க்கும். "அது யாரு பயம்னு அவனுக்கும் தெரியாதுக்கா" என்று நீ தணிந்த குரலில் சொன்னபோது நாம் இறங்கும் பஞ்சு மார்க்கெட் வந்துவிட்டது. அன்றைக்குத் துணி சுருட்ட எனக்குக் கை ஓடவில்லை. வயிற்று வலியை யாரிடமும் சொல்லாமல் நீ மறைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

மதுரையில் ஆபரேஷன் என்று முடிவானதும், யார் மூலமாகவோ ஓர் ஆண்டாள் கிளியை வாங்கி, பிஸ்கட் டப்பாவில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். இரண்டாம் வகுப்புப் படிக்கும் உன் மகள் தர்ஷினியும் கூட வந்திருந்தாள்.

"எம் உசுர இதுக்குள்ள வச்சிருக்கேன். நான் திரும்பி வார வரைக்கும் ஒங்கிட்ட இருக்கட்டும்."

"ஏட்டி, நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி. எங்க வீட்ல போயி ஆண்டாள் கிளியவா?"

"அதுக்குத்தான். எமன் எங்க வேணாலும் தேடுவான். வேதக்காரி பீரோவுல ஆண்டாள் கிளி இருக்கும்னு அவனுக்கு எப்படித் தோணும்?"

நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தர்ஷினி சிரிக்கவில்லை. டப்பாவை நான் எங்கே வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சேலையை மடித்து வைக்கப் பீரோவைத் திறந்தேன். டப்பாவுக்குள் சருகு உரசுவது போல் ஒரு சத்தம். பல்லியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. திறந்து பார்க்கத் தைரியம் வராமல் நின்றுகொண்டிருந்தபோது சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மதுரையிலிருந்து உன் வீட்டுக்காரர் போன் செய்தார்.

உன் மகள் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. அதட்டினால் ரெண்டு வாய் பால், அவ்வளவுதான். சில நாள் கழித்து உன் வீட்டுக்காரர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வந்ததும் அவள் கேட்டாள்: "கிளி இருக்குல்ல பெரிம்மா? அப்ப அம்மா எப்படிச் செத்திருப்பா? டாக்டரு பொய் சொல்லுதாரு."

அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அதக் கொண்டுபோயி கம்மாயில போட்டுருங்கக்கா. அது இருக்க வரைக்கும் இவ அவளத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருப்பா. பட்டினி கெடந்தே போயிருவா போலருக்கு" என்று தேம்பினார்.

டப்பாவைத் திறந்தேன். இலையெல்லாம் சருகு, மூக்கு கருத்துப்போயிருந்தது. வாசனை மட்டும் அப்போதுதான் பறித்த இலை மாதிரி குப்பென்று வந்தது. அதை நசுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். நீ இருந்தால் எந்த இடத்தில் போய் நின்றிருப்பாய் என்று யோசித்தேன். நீ நிற்காமல் விட்ட ஓர் இடம் அப்போதுதான் தெரிந்தது. ஏழு கடலுக்கு அப்பால் அத்தனை காலமும் அந்தக் கிளிக்கு யார் பழம் வைத்தார்கள்? எந்தக் கதையிலும் அந்த ஆள் வருவதில்லை.

"அம்மா உசுரு இதுலருந்து போயிருச்சு தாயி. நெசமாவே போயிருச்சு. கிளி இப்ப காலியா இருக்கு" என்றேன்.

அவள் குனிந்து அதையே பார்த்தாள். "காலியா இருந்தா ஏன் என்னையப் பாக்குது? இப்ப உள்ள யாரு இருக்கா?"

என் வாய் தன்னால் பேசியது. "நாந்தான். எம் உசுர அதுல வச்சிருக்கேன். பழம் வைக்க ஒரு ஆள் வேணும், நீ வைக்கியா? ஆனா பட்டினி கெடக்குறவ கையால அது திங்காது. நீ ஒரு கடி கடிச்சாத்தான் அதுவும் கடிக்கும்."

மேசையில் கொய்யாப்பழம் இருந்தது. அவள் எடுத்துக் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். மிச்சத்தை அந்தக் கருத்த மூக்குக்கு முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகுதான் "அம்மா" என்று வீடே அதிர அழுதாள். நானும் அழுதேன்.

டப்பா இப்போது அவளிடம்தான் இருக்கிறது. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் இரண்டு பேருக்கும் பழம் என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறார். பிள்ளையைத் தேற்றத்தானே சொன்னோம் என்று இத்தனை நாளும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

இன்று அந்த அம்மாள் தட்டோடு இறங்கிப் போய்விட்டார். நான் காலையில் காபிகூடக் குடிக்காமல் ஓடிவந்து பஸ் ஏறியவள். பஞ்சு மார்க்கெட் வருவதற்குச் சற்று முன்னால், வெறும் வாயில், என் நாக்கில் கொய்யாப்பழம் இனித்தது. பல்லிடுக்கில் விதைகூட நெருடியது. பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு மணியைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம்.

உன் பிள்ளை சாப்பிட்டுவிட்டாள்.