அண்ணன் காலும் அரிசி மாவுக் கோடும்

1 ஜூலை 97, செவ்வாய்

வெயில். புழுக்கம். காலை பஸ்ஸில் அண்ணன், அண்ணியோடு வெதுருகுப்பத்திலிருந்து திருப்பதிக்கு. மூன்று மாதம் மாத்திரை போட்டும் கேட்காததால் மறுபடி டாக்டர்.

நான் அன்றைக்கே சொன்னேன், இது கால் வியாதி இல்லை, தலை வியாதி என்று. ஊரே வாதம் வாதம் என்று எண்ணெய் தேய்த்தபோது நான் ஒருவன்தான் சொன்னேன். பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னது அதற்கப்புறம். என் எட்டாவது பெயிலும் டாக்டரின் பெரிய படிப்பும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

மூளையில் டோபமைன் என்று ஒரு சரக்கு ஊறவேண்டுமாம். அது குறைந்தால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். "அதாவது சார், மோட்டாரு நல்லா கீது, பைப்பு நல்லா கீது, கரண்டு மட்டும் லோ வோல்டேஜ்" என்றேன். டாக்டர் அசந்துபோனார். நர்சைக் கூப்பிட்டுச் சொல்லிக் காட்டினார்.

மருந்து ஏன் கேட்கவில்லை? மாத்திரையைப் பாலோடு போட்டதால். பால், பருப்பு, முட்டை சேர்ந்தால் அது மூளைக்குப் போகிற வழியில் இடைஞ்சலாம். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், வெறும் தண்ணீரில். "பால்ல போடச் சொன்னது யாரு?" என்றார். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டில் தகராறு. அண்ணன் மகன் சேகருக்கு குவைத் விசா வந்தாயிற்று. ஏ.சி. மெக்கானிக் வேலை. ஒன்பதாம் தேதி ரயில், அப்புறம் பிளேன்.

"நைனா வாசப்படியில கால்மணி நேரம் நின்னுகினு கீறாரு. இவரை வுட்டுட்டு எப்டி சித்தப்பா போறது? வரலைன்னு ஏஜென்டுகிட்ட சொல்லிடறேன்."

அண்ணன் முகம் இப்போதெல்லாம் அசைவதில்லை. கண் மட்டும் கலங்கியது. குரலும் சின்னதாகிவிட்டது. காதை வைத்துக் கேட்டேன். "என்னால அவன் நின்னுடக் கூடாதுடா. ஸ்டேஷனுக்கு என் கால்ல நடந்து போயி ஏத்தி வுடறேன்."

"அப்டி நடந்து வந்தா போறேன்" என்றான் சேகர். இன்னும் எட்டு நாள்.

3 ஜூலை, வியாழன்

தூறல். கை கொஞ்சம் லேசு என்கிறார் அண்ணன். வாசப்படியில் மட்டும் அதே கதை.

கண்டுபிடிப்பு நாள்! விடியற்காலை நானே என் கண்ணால் பார்த்தேன். வாசப்படியில் ஆணி அடித்ததுபோல் நின்ற அண்ணன், எப்படியோ வெளியே வந்ததும், அண்ணி போட்ட கோலத்தை மிதிக்காமல் காலைத் தூக்கி ஒரே தாண்டு. அடுத்த கோடு, இன்னொரு தாண்டு. சின்ன வயதில் கோலத்தை மிதித்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள், அந்தப் பயம் இன்னும் காலில் இருக்கிறது. கோலம் முடிந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டார்.

கோடு வேண்டும்! அரிசி மாவை எடுத்து வீடு முழுக்க ஓர் எட்டுக்கு ஒரு கோடு போட்டேன். நடந்தார். வாசப்படியையும் தாண்டினார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டருக்குப் போன். சிலருக்கு அப்படி ஆகுமாம். கோடு கண்ணில் பட்டால் மூளை வேறு வழியாகக் காலை எடுக்கச் சொல்லும். மாத்திரையை நிறுத்தாதே, விழுந்துவிடாமல் பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றார். எனக்கும் ஒரு டாக்டர் பட்டம் தரலாம். அவர் சொல்லவில்லை, நினைத்திருப்பார்.

6 ஜூலை, ஞாயிறு

தெருவில் ஒத்திகை. எதிர்வீட்டு கோவிந்தன்: "இன்னாபா, கோலம் போட எறங்கிட்டே? மார்கழி இன்னும் வரலியே!" சிரிக்கட்டும்.

எடுத்துப்போக: மாவு. மாத்திரை. தண்ணீர். சேகருக்கு ஊறுகாய். என் சலவைச் சட்டை.

9 ஜூலை, புதன்

ஜெயம்! ஜெயம்!

திருப்பதி ஸ்டேஷன். எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலை. வாசலிலேயே அண்ணன் கால் ஒட்டிக்கொண்டது. நான் குனிந்து, அவருக்கு முன்னால் பின்னோக்கி நகர்ந்து, கோடு கோடாக மாவு போட்டேன். போலீஸ்காரர் வந்தார். "ஏமய்யா, இக்கட முக்குலு வேஸ்துன்னாவு? பெள்ளி இல்லா?" இங்கே கோலம் போட இது கல்யாண வீடா என்கிறார். "அண்ணன் காலுக்கு ரோடு போடறேன் சார்" என்றேன், தெலுங்கில். அவரே கூட்டத்தை விலக்கினார். ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள்.

ரயில் பெட்டிக்குப் பத்தடி இருக்கும்போது மாவு தீர்ந்தது. கால் நின்றது. சேகர் சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டான். "போதும் நைனா. நான் போவல."

எனக்கே ஒன்றும் ஓடவில்லை. அண்ணி முன்னால் போய்த் தன் பாதத்தை அண்ணன் காலுக்குக் குறுக்கே வைத்தாள்.

"தாண்டுங்க."

"உன்னையா?"

"பாவமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். வண்டி போயிடும், தாண்டுங்க!"

தாண்டினார். மறுபடி வைத்தாள். மறுபடி. பெட்டிக் கம்பியைப் பிடித்தபோது சேகர் அழுதுவிட்டான். ஏறினான். வண்டி நகர்ந்தது, அண்ணன் கை ஆடியது. நடுக்கமா டாட்டாவா என்று பார்த்தேன். டாட்டாதான்.

10 ஜூலை, வியாழன்

நல்ல மழை. டீக்கடையில் நான்கு முறை சொன்னேன், நாலாவது முறை கோவிந்தனே வாய் பிளந்து கேட்டான். வீட்டுக்கு வந்தும் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே மாத்திரைக்குத் தண்ணீர் மொண்டாள்.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன். மூன்றாம் தேதி விடியற்காலை நான் எதையும் பார்க்கவில்லை. அண்ணன் கோலத்தைத் தாண்டுவதைப் பார்த்தது அண்ணி. ஓடிவந்து என்னை எழுப்பிச் சொன்னாள். நான் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.