ஜலகண்டமும் எண்ணெய் டின்னும்

1987 ஏப்ரல் 27

கடையில் புண்ணாக்கு லோடு இறங்கியது. மதியம் தங்கை பாலம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மகளோடு வந்தாள், லீவுக்கு. குருவம்மாளுக்கு ஒன்பது வயது. அண்டாத் தண்ணீரில்தான் குளியல். ஜலகண்டம் என்று ஜோசியர் சொன்னாராம். பன்னிரண்டு வயது வரை ஆறு, கிணறு எதையும் எட்டிப் பார்க்கக்கூடாதாம். மாப்பிள்ளை சங்கிலிப்பாண்டி ரதவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் குடம் விற்கிறவர், மகளைத் தண்ணீர்ப் பக்கம் விடமாட்டார். பன்னிரண்டு முடிந்த மறுநாள் பிள்ளை தானாக நீந்திவிடுமா?

ஏப்ரல் 30

மாப்பிள்ளை மந்திரித்த கறுப்புக் கயிறு கொடுத்தனுப்பியிருக்கிறார். அதில் ஒரு கோழியைக்கூடக் கட்ட முடியாது.

மே 3

சோழபுரத்தில் நம் கிணற்றுக்கு அழைத்துப் போனேன். காலி எண்ணெய் டின்னை ஈயம் வைத்து அடைத்து, பிள்ளை முதுகில் கட்டினேன். யாரும் மோட்டாரைப் போட்டுவிடாமலிருக்க, மோட்டார் ரூம் சாவி என் மடியில். நார்க்கயிற்றின் ஒரு முனை பிள்ளை இடுப்பில், மறுமுனை வேலுத்தாய் கையில். என் மனைவிக்கு நீச்சல் தெரியும், ஜோசியம் தெரியாது.

பாலம்மாள் படியில் உட்கார்ந்து அழுதாள். "அண்ணே, அவியளுக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுக்குள்ள ஏத்தமாட்டாக."

"நீ சொன்னாத்தானட்டி தெரியும்?"

மே 12

டின் இல்லாமலே நீந்துகிறாள். மந்திரித்த கயிறு நைந்து அறுந்துவிட்டது. அப்பா திட்டுவார் என்று முகம் சுருங்கினாள். சாக்குத் தைக்கிற நூலில் மை தடவிக் கட்டிவிட்டேன். ஜோசியரே வந்தாலும் கண்டுபிடிக்கமாட்டார்.

மே 17

மாப்பிள்ளை வந்தார். ஆற்றங்கரை அய்யனார் கோவிலில் பரிகாரமாம், எல்லோரும் போனோம். மலையில் கோடை மழை, ஆற்றில் நல்ல தண்ணீர். தண்ணீரில் கண்டம் என்று சொல்லிச் சொல்லி, தண்ணீருக்கே கூட்டிப் போகிற புத்திசாலித்தனம்! கால் கழுவக் குனிந்த பிள்ளை பாசியில் வழுக்கி ஆழமான கசத்துக்குள் விழுந்தது. மாப்பிள்ளை சட்டையோடு குதித்தார். நீச்சல் தெரியாத மனுசன் — பைத்தியமா? பிள்ளை கைகால் அடித்துப் பாறையைப் பிடித்துவிட்டது. இவர்தான் முங்கினார். என் வேட்டியை அவிழ்த்து வீசி இழுத்தேன். கோவில் கூட்டத்துக்கு முன்னால் ட்ரவுசரோடு நின்றேன்.

எனக்கு நீச்சல் தெரியும். அவர் குதித்தபோது நான் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மூச்சு வந்ததும் மகள் கையைத் தடவி, "கயிறுதான் மச்சான் காப்பாத்துச்சு" என்றார். சாக்கு நூல் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவர் அந்தக் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிணற்றில் பழக்கியதை மட்டும் சொன்னேன். பாலம்மாள் பக்கம் திரும்பினார். "போவமா?" என்றார், அவ்வளவுதான். மூவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள்.

மே 20

கண்டம் கழிந்ததற்கு ஜோசியருக்கு மாப்பிள்ளை புது வேட்டி எடுத்துக் கொடுத்தாராம். கிழிந்தது என் வேட்டி.

1988 ஏப்ரல் 24

சோழபுரம் கிணற்றில் கூத்து. மாப்பிள்ளை முதுகில் பெரிய எண்ணெய் டின், இடுப்பில் நார்க்கயிறு. வேலுத்தாயோடு சேர்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டு குருவம்மாள் அதட்டுகிறாள்: "காலை அடிங்கப்பா. மாமா சாவிய வச்சிருக்காக, மோட்டார் ஓடாது."

அவர் மணிக்கட்டிலும் புதிதாகக் கறுப்புக் கயிறு. காலையில் என் கடையில் அவள் கேட்டு வாங்கிப்போன சாக்கு நூல்தான்.