றாபியாவின் மகனுக்கு முழங்கால் நோவு

உப்புக்குளம்,
மன்னார்.

அன்பு மகன் நௌஷாட் அறிய வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தை நான் மட்டும் கேட்கவில்லை, ஊரே கேட்கிறது, அது ஏன் என்பதைக் கோபப்படாமல் கடைசிவரை வாசி. இதைக் கட்டாருக்குத் திரும்புகிற பைசரிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் சாப்பிட்டீங்களா மருந்து குடிச்சீங்களா என்று நீ கேட்டு முடிய வேலைக்கு நேரம் வந்துவிடுகிறது. உன் தங்கச்சி ஹிதாயா சிலாவத்துறையில் மாமியாரோடு நலம், போன கிழமை பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டிவிட்டு அன்றைக்கே போய்விட்டாள். கிணற்றடி முருங்கை காற்றுக்கு முறிந்து விழுந்தது, காய்த்தாலும் தின்ன ஆளில்லாத வீட்டில் அது எதற்கு நிற்கப் போகிறது.

மட்ச்சில் நெட்டையன் விழுந்ததை நீயும் அங்கே பார்த்திருப்பாய். டிவியில் அவனுக்கு வேறு பெயர் சொல்கிறார்கள், எனக்கு நீ வைத்த பெயர்தான் வாயில் வருகிறது. அவன் பந்து போட ஓடத் தொடங்கினால் வீட்டில் ஒருவரும் அசையக்கூடாது, அசைந்தால் விக்கெட் விழாது என்று நீ ஒரு சட்டம் போட்டிருந்தாயே, உம்மா அகப்பையோடு அடுப்படி வாசலில் அப்படியே நிற்பாள், குழம்பு அடிப்பிடிக்கும், அதைத்தான் எல்லோரும் தின்றோம். உம்மாவும் மௌத்தாகி நீயும் கட்டாருக்குப் போன பிறகு தனியே இருந்தும் நான் அந்தச் சட்டத்தை மீறவில்லை. உன் கதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவன் ஓடினால் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கிரிக்கெட் இன்னும் முழுதாக விளங்காது மகன். அவன் விளையாடுகிற நாளில் மட்ச் முடிந்ததும் நீ போன் எடுப்பாய், அன்றைக்கு மருந்தைப் பற்றிக் கேட்கமாட்டாய், எந்தப் பந்து எப்படித் திரும்பியது என்று சிரித்துச் சிரித்துச் சொல்வாய், நான் சோற்றைக் கோப்பையில் போட்டு வைத்துவிட்டு ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படித்தான் அவன் எனக்குப் பெற்ற பிள்ளை மாதிரி ஆனான்.

அன்றைக்கு அவன் ஓடி வருகிற நேரம் பார்த்துக் கீரிக் கடற்கரையிலிருந்து வருகிற மீன்காரர் ஜவாஹிர் வாசலில் ஹோன் அடித்தார், நான் எழும்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நெட்டையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடக்கிறான். நான் எழும்பியதற்கும் அவன் விழுந்ததற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா, தெரியும். ஆனாலும் வாங்கிய மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டு இருந்து அழுதேன். இனி விளையாடுவானோ தெரியாது என்று செய்தியில் சொன்னார்கள். நீ அன்றைக்குப் போன் எடுக்கவில்லை, அடுத்த நாளும் எடுக்கவில்லை. மனம் கேட்காமல் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி ஹஸ்ரத்திடம் போய், முழங்காலுக்கு ஒருக்கா துஆச் செய்ங்கோ என்றேன். ஆருக்கு என்றார். இந்த வயதில் கிரிக்கெட்காரனுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, புள்ளைக்கு என்றேன். ஓதும்போது தாயின் பெயரைக் கேட்பது வழக்கம்தானே, உம்மாட பேர் என்ன என்றார். நெட்டையனின் தாய் சிங்கள மனுசி, டிவியில் ஒரு தடவை காட்டினார்கள், பெயர் சொல்லவில்லை, எனக்கு எங்கே தெரியும். றாபியா என்று வந்துவிட்டது. உன் உம்மாவின் பெயரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை காலம் மகன், சொன்னதும் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தேன், ஹஸ்ரத் அதைப் பார்த்துவிட்டு ஓதத் தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மைக்கில், ஹமீட் நானாட மகன் நௌஷாட் கட்டாரில முழங்கால் ஏலாமல் இருக்கிறார், எல்லாரும் துஆச் செய்ங்கோ என்று சொல்லிவிட்டார். பள்ளி நிறைந்த சனமும் ஆமீன் சொல்லிவிட்டது. அந்த ஆமீனை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக் கேட்காத ஆளில்லை. அடுத்த வீட்டு அஸீபா இடியப்பம் கொண்டுவந்து, இருந்து கதைத்துவிட்டுப் போகிறாள். ஜவாஹிர் மீனைத் தந்துவிட்டு, புள்ளை இப்ப நடக்கிறாரா நானா என்கிறார். உம்மாவின் மௌத்துக்குப் பிறகு நம் வாசலில் இத்தனை செருப்பை நான் கண்டதில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நானும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். பைசர் கொண்டுவருகிற பார்சலில் எண்ணெய்ப் போத்தல்கள் இருக்கும், எல்லாம் உன் முழங்காலுக்கென்று ஊர் தந்தது, எறிந்துவிடாதே, நாள்முழுக்க நின்று வேலை செய்கிறவன், தடவினால் நல்லதுதான். போன வெள்ளியும் ஹஸ்ரத் கேட்டார், மகனுக்கு இப்ப எப்படி நானா என்று. இன்னும் வரேல்ல ஹஸ்ரத் என்றேன். அவர் கேட்டது ஒன்று, என் வாய் சொன்னது ஒன்று.

நெட்டையன் திரும்ப விளையாட வந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராவிட்டால் அதற்காக நீ போன் எடுக்காமல் இருந்துவிடாதே, கதைக்க ஒன்றுமில்லையென்றால் முருங்கை விழுந்ததையாவது கதைப்போம். தொழுகையை விடாதே, ஏசிக் குளிரில் வெறும் நிலத்தில் படுக்காதே. அல்லாஹ் உனக்கு ஆயுளையும் ஆரோக்கியத்தையும் உழைப்பில் பரக்கத்தையும் தருவானாக.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வருகிற அன்றைக்கு, பஸ்ஸால் இறங்கியதிலிருந்து நம் வீட்டு ஒழுங்கை முடியும்வரை கொஞ்சம் நொண்டி நட, ஆமீன் சொன்ன சனம் பார்த்துக்கொண்டு நிற்கும். வாசலைத் தாண்டியதும் நேராக நடந்து வா, உள்ளே நான் மட்டும்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
அப்துல் ஹமீட்