லாரிக்காரர் கட்டிய தோட்டம்

மே 6, திங்கள்

பீர்க்கங்கொடி பந்தலைத் தொட்டுவிட்டது. இவர் காலை ஐந்தரைக்கே வாளியோடு வெளியே போய்விட்டார். பார்வை மங்கிவிட்டது, இனி லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன். இப்போது தக்காளிப் பூவை எண்ணிவிட்டு வந்து என்னிடம் ஒப்பிக்கிறார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ கொட்டுகிறேன். எத்தனை பூ என்பதா எனக்கு முக்கியம்?

மே 9

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மின்விசிறி வேறு மக்கர். மற்றபடி விசேஷம் இல்லை.

மே 13

நாளை மாலை பலத்த காற்றோடு ஆலங்கட்டி மழை வரும் என்று எச்சரிக்கை. நான் கடையிலிருந்து வருவதற்குள் பரணிலிருந்த லாரித் தார்ப்பாயை இறக்கிவிட்டார். பந்தல், தக்காளி, வெண்டை எல்லாவற்றையும் மூடி, நாலு பக்கமும் முளை அடித்து, லோடு கட்டுகிற முடிச்சாகப் போட்டு, காலை ஊன்றி இழுத்து இறுக்கினார். கத்தரிப் பாத்திக்கு மட்டும் தார்ப்பாய் எட்டவில்லை.

“காத்து உள்ள புகுந்துச்சுன்னா?” என்று கேட்டேன்.

“இருபத்தாறு வருஷத்துல என் வண்டியில ஒரு மூட்டை சாய்ஞ்சிருக்கா? போய் உன் வேலையப் பாரு.”

போய்ப் பார்த்தேன்.

மே 14

நாலரைக்கு ஆரம்பித்தது. மொத்தம் அரை மணி நேரம்தான். இரண்டு பேரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். காற்று அடியில் புகுந்ததும் தார்ப்பாய் பூரி மாதிரி உப்பியது. முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை — அதுதான் வினை. அவிழ்ந்திருந்தால் தார்ப்பாய் மட்டும் போயிருக்கும். முளை, பந்தல், கொடி, தக்காளி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய் மதில்மேல் விழுந்தது. பிறகு ஆலங்கட்டி. மிச்சமிருந்த வெண்டையை அது பார்த்துக்கொண்டது.

இவர் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

மே 15

படுத்திருக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பி.

மே 16

தட்டு போனபடியே திரும்பி வந்தது. “எழுந்து வாங்களேன்” என்றேன். “எதுக்கு?” என்றார்.

இன்னொரு நாலு மாசம் என்னால முடியாது. சத்தியமா முடியாது. போன தடவ எப்படித்தான் ஓட்டினேனோ.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். “ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன். கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்” என்றார். சரி என்று சொல்லிவிட்டு அழுதேன்.

மே 17

கடைக்குக் கிளம்புமுன் குப்பையை அள்ளப் போனேன். மூடாமல் விட்ட கத்தரி தரையோடு படுத்திருக்கிறது. இலையெல்லாம் கந்தல். ஆனால் வேர் பிடி விடவில்லை. எட்டுச் செடி. குச்சி நட்டு, இவர் போடுகிற முடிச்சையே எனக்குத் தெரிந்த மட்டும் போட்டு இறுக்கினேன். மூன்றாவது செடியில் இருக்கும்போது பின்னாலிருந்து குரல். மூன்று நாள் தாடியோடு கதவருகே நிற்கிறார்.

“அவுத்து விடு அத! இப்படியா கழுத்த நெரிப்பாங்க? செடி என்ன லோடு மூட்டையா? கொஞ்சம் ஆட விடணும்.”

யார் சொல்வது! மூன்று கட்டையும் அவிழ்த்துவிட்டேன்.

பழைய பனியன் ஒன்றைக் கிழித்து, எட்டையும் நிமிர்த்தித் தளரத் தளரக் கட்டினார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். இதை எழுந்த கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா?

மே 18

படுக்கைதான். தட்டு மட்டும் காலியாக வந்தது.

மே 19, ஞாயிறு

இவருடைய உடுப்புகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்துவிட்டார். “எங்க படுத்திருக்கான்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளறைக்குப் போனார். கட்டில் காலி. எப்போது எழுந்து போனார் என்று எனக்கே தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் கொல்லையிலிருந்து சத்தம்.

“அக்கா வந்தாச்சா? நல்ல நேரத்துல வந்த. இந்தக் கழி முனையக் கொஞ்சம் பிடி.”

கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு தரம், “டேய், உன்னக் கூட்டிட்டுப் போக வந்தேன்டா” என்றார்.

“இப்பவா? பந்தல் முடியட்டும், வெதை ஊனணும், தண்ணி யாரு ஊத்துறது? நேரா பிடி, சாயுது பாரு.”

நான் உள்ளே வந்து பையிலிருந்த உடுப்புகளை மறுபடி அலமாரியில் வைத்தேன்.