வெந்தயத்தைச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம்

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்க மக சாமியா எழுதுறேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் நோன்பு நல்லபடியாப் போகுதா? மாத்திரையை விடியுமுன்ன சஹர் சாப்பாட்டோடயே போட்டுக்கிறீங்களா? நீங்க போனை அணைச்சே வச்சிருக்கீங்க, அதான் கடுதாசி. ஹைதராபாத்ல நான் சுகம்.

அந்தப் படம் எங்க ஆபீசுக்கும் வந்துச்சு. இலுப்பூர்ல நம்ம பள்ளிவாசல்ல, நோன்புக் கஞ்சி அண்டாவுல நீங்க வெந்தயம் போடுறீங்க. உங்க கையைச் சுத்திச் சிவப்பு வட்டம். “கஞ்சியில மலட்டு மருந்து. இவங்களுக்கு வேண்டிய ஆளுக்கா உங்க ஓட்டு?”ன்னு கீழ எழுத்து. இந்த மாதிரிப் புரளியைச் சரிபார்க்கிறதுதான் என் வேலை. ஆனா அத்தா படம்ங்கிறதால என்னை அதைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. கூட வேலை பார்க்கிற அன்புமொழிதான் விசாரிச்சு, பொய்னு போட்டா. உங்களை “படத்தில் இருக்கும் முதியவர்”னு எழுதியிருந்தா. முதியவராம்! சிரிச்சுட்டேன்.

பொய் போன போனுக்கெல்லாம் எங்க மறுப்பு போகலை. அதை விடுங்க.

அம்மாட்ட கஞ்சி மசாலா கொஞ்சம் இடிச்சு அனுப்பச் சொல்லுங்க. நான் வைக்கிற கஞ்சி வாயில வைக்க முடியல. அப்புறம், பக்கத்து வீட்டு ராக்கன் மாமா, அவங்க வீட்ல நோன்பு இல்லாட்டியும், வருஷா வருஷம் கஞ்சிக்குத் தூக்குவாளி கொடுத்து விடுவாங்கள்ல, இந்த வருஷம் வந்துச்சா? அம்மாட்ட போன்ல கேட்டா பேச்சை மாத்துறாங்க. நீங்க எழுதுங்க.

ஆபீசுக்கு நேரமாச்சு. அத்தா, எனக்காக வாளி வந்துச்சுன்னு பொய் எழுதிறாதீங்க.

சாமியா